உப்பு ஒத்தடமும் முந்திரிக்கொட்டை டிராக்டரும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையால எத்தன பேர எந்திரிக்க வச்சிருப்ப" என்று கண்கலங்கினார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்தக் கையால் ஒரு மனிதருடைய கால் போயிருக்கும். உயிரே போயிருக்கும். நானும் என் கணவரும் ஆப்பிரிக்காவில் ஒரு வருஷம் பெரிய ஊழியம் செய்துவிட்டு வந்ததாக நீங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடந்ததை நானே சொல்லாவிட்டால், உங்கள் ஜெபத்துக்குக் கர்த்தர் தந்த பதிலை மறைத்த குற்றம் என்மேல் இருக்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட். தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போய்க் கால் விழுந்தவர்கள் பலருக்குச் சிகிச்சை செய்திருக்கிறேன். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்து, முதுகுத்தண்டு கெட்டு, இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போகும். என் கணவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அப்படிப்பட்டவர்கள் தாங்களே குளிக்கவும், உடுத்தவும், வேலை பார்க்கவும் பழக்குவார். தான்சானியாவின் தென்கோடிக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் இதே மாதிரி கடலில் மூழ்கிக் கால் விழுந்தவர்கள் இருக்கிறார்கள், பார்க்க ஆளில்லை என்று தெரிந்தபோது, சம்பளமில்லாமல் ஒரு வருஷம் போய்வர இரண்டு பேரும் சம்மதித்தோம்.

அங்கே ஹமீசி என்று ஒருவர். கடலில் மூழ்கிக் கடலட்டை எடுத்தவர். கால் இரண்டும் அசையாது, தொட்டாலும் தெரியாது. கையை ஊன்றியே உடம்பை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி. வலிக்கு என்ன செய்வது என்று அவர் மனைவி ஆஷா கேட்டாள். நான் உப்பளத்து ஊர்க்காரி. கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுத்துக் காட்டினேன். ஹமீசி சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை.

ஆஷா ஏதோ கேட்டாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பார். அன்றைக்கு நான் இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குப் பொறுமை குறைச்சல் என்பது உங்களுக்குத் தெரியாததா? "சொன்னதைச் செய்யச் சொல்லுங்கள், போதும்" என்று வாத்தியாரிடம் சிடுசிடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

அவள் கேட்டது இதுதான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: "காலுக்கும் இதை வைக்கலாமா?"

மரத்த தோலில் சூடு வைக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பில் முதல் வருஷப் பாடம். நம் ஊரில் சங்குகுளி வீட்டுப் பெண்களுக்கு அது பட்டுத் தெரியும், நான் சொல்ல வேண்டியே வந்ததில்லை. அந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். காலையில் நாங்கள் போனபோது ஹமீசிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. என் கணவர் போர்வையை விலக்கினார். வலது காலில் கெண்டைச் சதையிலிருந்து குதிகால் வரைக்கும் தோல் வெந்து, கறுத்து, சீழ் பிடித்திருந்தது. எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

போனில் பேசிய டாக்டர், விஷம் இரத்தத்தில் ஏறுகிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார். எப்படிக் கொண்டுபோவது? நான்கு நாள் மழையில் ஓடைப் பாலம் உடைந்து கிடந்தது. கடலில் ஒரு படகும் இறங்க முடியாத காற்று. ஜீப்காரர்களைக் கேட்டால், தண்ணீர் வடியட்டும் என்றார்கள்.

அதற்குள் வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆஷாவின் அண்ணன் ஜுமா கோபக்காரர். இது எப்படி ஆனது என்று வாத்தியாரை விட்டுக் கேட்டார். ஆஷா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன்: "அடுப்புப் பக்கத்தில் படுத்திருப்பார், நெருப்புப் பட்டிருக்கும்."

பொய். வாய் கூசாமல் சொன்னேன்.

வெளியே வந்து ஒரு முந்திரி மரத்தடியில் நின்றேன். கணவர் நம் சேகரத்து வாட்ஸ்அப் குழுவுக்கு ஜெப விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது இங்கே மதியம். மாதர் சங்கத்து அக்காமார் உடனே முழங்காலில் நின்றீர்களாம். நானும் ஜெபித்தேன். என்னவென்று? ஆண்டவரே, இது என் தப்பு என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் முதலில் கேட்டது அதைத்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

கணவர் என்னைப் பார்த்தார். "ஏளா, அவங்ககிட்ட உண்மையச் சொல்லாம ஆண்டவர்கிட்ட என்னத்த கேக்கப் போற?" என்றார்.

"சொன்னா ஊர விட்டு வெரட்டிருவாங்க."

"வெரட்டட்டும். நம்ம போனா போவுது. அந்த ஆளு பொழைக்கணும்லா?"

அப்போதுதான் அழுகை வந்தது. ஆண்டவரே, என் பேர் எப்படியும் போகட்டும், இந்த மனிதர் பிழைக்கட்டும், இவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு வழி தாரும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு உள்ளே போனேன். "இது நெருப்பு இல்லை. நான் சொல்லிக்கொடுத்த உப்பு ஒத்தடம். காலில் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஷா மேல் தப்பு இல்லை" என்று ஒவ்வொரு வார்த்தையாக வாத்தியாரைச் சொல்லவைத்தேன்.

ஆஷா ஓவென்று அழுதாள். கொப்புளத்தை அவள் நான்கு நாளைக்கு முன்பே பார்த்திருக்கிறாள். நான் திட்டுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறாள். காயத்தைவிட என் சிடுசிடுப்புக்கு அவள் பயந்திருக்கிறாள். ஹமீசி மட்டும் அனல் அடிக்கிற கையை நீட்டி என் கையைத் தொட்டார். ஜுமா எழுந்து மழையில் விறுவிறுவென்று போய்விட்டார். எங்களை விரட்ட ஆள் சேர்க்கத்தான் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து ஜெபித்தோம். பக்கத்து அறையில் ஆஷா தொழுதாள்.

நடந்ததைப் பின்னால் ஜுமாவே சொன்னார். ஓடைக்கு அக்கரையில் முந்திரிக்கொட்டை ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் புதைந்து, அதை இழுக்க ஒரு டிராக்டர் வந்திருந்தது. எங்களை விரட்ட ஆள் தேடி ஜுமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், அங்கே நின்றவர்களிடம், "இந்தியாக்காரி ஒருத்தி உப்பை வைத்து என் மச்சானைச் சுட்டுவிட்டாள்" என்று கத்தியிருக்கிறார். லாரிக்குச் சொந்தக்காரர் அதைக் கேட்டு, "உப்பா? எந்த ஊர் இந்தியாக்காரி?" என்றாராம்.

கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம். பெரிய சக்கரம் என்பதால் ஓடையில் இறங்கியே வந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் சேற்றோடு ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்று, நம் ஊர்த் தமிழில் கேட்டார்:

"ஒத்தடம் குடுத்த டாக்டரம்மா நீங்கதானா? தூத்துக்குடியா?"

தலையை ஆட்டினேன்.

"நமக்குக் காயல்பட்டணம். இந்தக் கொட்டையெல்லாம் உங்க ஊரு ஹார்பருக்குத்தான் போவுது. உப்புன்னு சொன்னதுமே நம்ம பக்கத்து ஆளுன்னு நெனச்சேன். சரி, அழுவுறத வண்டியில ஏறி அழுங்கம்மா. மொதல்ல ஆளத் தூக்குங்க."

டிரெய்லரில் சாக்குகளை விரித்து ஹமீசியைப் படுக்கவைத்தோம். ஒரு பக்கம் என் கணவர் பிடித்துக்கொண்டார், மறுபக்கம் ஜுமா. அக்கரையில் அந்தப் பெரியவருடைய ஜீப் நின்றது. பொழுது சாயும் முன்னே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். டாக்டர் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது. ஆள் பிழைத்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நானும் ஆஷாவும் பைத்தியம் மாதிரி சிரித்தோம், அழுதோம்.

நான் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் ஜுமா கோபத்தில் எழுந்து போயிருக்க மாட்டார். அவர் போயிருக்காவிட்டால் அந்த டிராக்டர் லாரியை இழுத்துவிட்டு அப்படியே திரும்பியிருக்கும். எங்களை விரட்டக் கிளம்பினவரையே கர்த்தர் எங்களுக்கு உதவி கொண்டுவர வைத்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது நான் யாருக்கும் சிகிச்சை தொடங்குமுன் கண்ணை மூடச் சொல்லி, தோலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறேன். வீட்டுக்காரர்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். என் முகம் மாறினால் கணவர் தொண்டையைக் கனைப்பார். உடனே சரியாகிவிடும்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது மற்றவர்களிடம் சொல்லப் பயந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஜெபிக்க முடியாமல் தவித்தால், துணிந்து சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன்.

நாங்கள் ஊர் திரும்புகிற அன்று காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஜுமா வந்தார். முட்டி வலியால் நடக்க முடியாத தன் தாயை முதுகில் சுமந்துகொண்டு வந்திருந்தார். என் முன்னால் மெதுவாக இறக்கி உட்காரவைத்து, வாத்தியாரிடம் சொன்னார்: "போவதற்குள் எங்கம்மாவை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வேறு யாரிடமும் காட்ட எனக்கு மனசில்லை." கட்டின பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, நான் தரையில் உட்கார்ந்தேன். கர்த்தருக்கே மகிமை.