உப்புப் பார்க்காத புளிக்காய்ச்சல்

2004 அக்டோபர் 18, திங்கட்கிழமை காலை. எங்கள் ஊர் ரங்கசாமி குளத்தருகே முதஸ்ஸிர் நடத்திவந்த பிரவுசிங் சென்டரில் ஸ்ரீவல்லி கணினித் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாற்காலியில் நான். அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன். வெளியூரிலிருக்கும் என் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்பப் போயிருந்தேன்.

"மாமா, இதைக் கொஞ்சம் படிங்கோ. நான் சரியாத்தான் படிக்கறேனான்னு பாருங்கோ" என்றாள்.

அந்த நாட்களில் இணையப் பக்கங்களின் அடியில் கெஸ்ட் புக் என்று ஒன்று இருக்கும். யாரும் வந்து எதையும் எழுதலாம், எல்லாரும் படிக்கலாம். புளிக்காய்ச்சல் விற்க அவள் வைத்திருந்த இணையப் பக்கத்தில் அதுவரை பாராட்டுகள்தான் இருந்தன. அன்று பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள், 'மாமி, புளிக்காய்ச்சலைக் கடல் தண்ணீரிலா கொதிக்க வைத்தீர்கள்?' என்று கேட்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், கொலு பார்க்க வந்தவர்கள் ஒரு வாய் போட்டுக்கொண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததாக எழுதியிருந்தார். கடைசியில் மும்பை மாதுங்காவிலிருந்து ஒரு மாமா. அவளிடம் அதிகம் வாங்குபவர் அவர்தான். இரண்டே வரி: 'எங்கள் பெருமாளுக்கு உப்புக் கரைசலைக் கண்டருளப் பண்ணிவிட்டேன். நீங்கள் இதை ருசி பார்த்தீர்களா, இல்லையா? பதில் வேண்டும்.' பெருமாளுக்கு நைவேத்தியம் செய்வதைத்தான் வைஷ்ணவர் வீடுகளில் கண்டருளப் பண்ணுவது என்பார்கள்.

ஸ்ரீவல்லி 1994இல் கூரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தாள். கணவன் கோவர்தன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கர்; விடியற்காலை ரயிலில் போய் இருட்டியபின் வருவான். மாமனார் தேவராஜன் பெருமாள் கோயில் கோஷ்டியில் சேர்ந்து பிரபந்தம் ஓதுபவர். மாமியார் மங்கை. ஸ்ரீவல்லிக்குப் பாட்டிலும் கோலத்திலும் பெரிய நாட்டமில்லை. வறுப்பதிலும் காய்ச்சுவதிலும்தான் அவளுக்கு ஆசை. மிளகாய் எந்த நிறத்துக்கு வந்தால் இறக்க வேண்டும், நல்லெண்ணெய் எப்போது பிரியும் என்பதையெல்லாம் நெடுநேரம் பேசுவாள். கேட்பவர்தான் நழுவ வேண்டும்.

ஊரார் சிலர், முதஸ்ஸிர்தான் அவளுக்கு இந்த யோசனையைக் கொடுத்தான் என்பார்கள். அது சரியல்ல. ஷார்ஜாவிலிருந்த நாத்தனார் புளிக்காய்ச்சல் கேட்டு மின்னஞ்சல் எழுத, அதைப் படித்த ஸ்ரீவல்லிதான், "இவளுக்கு வேணும்னா இவளை மாதிரி இருக்கறவாளுக்கும் வேணுமே" என்றாள். இணையத்தில் இலவசமாக இடம் தரும் தளம் ஒன்றில் முதஸ்ஸிர் பக்கம் செய்துகொடுத்தான். 2002 ஆடியில் அது தொடங்கியது. ஆர்டர் மின்னஞ்சலில் வரும், பணம் டிராஃப்டாகத் தபாலில் வரும், சரக்கு கூரியரில் போகும்.

தொடங்குமுன் மாமனாரிடம் அனுமதி கேட்டாள். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது இது: "பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினா அது பிரசாதம். அதை விக்கக் கூடாது. கண்டருளப் பண்ணாததை நம்மாத்துல யாரும் வாயில வைக்கக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வேணா பண்ணிக்கோ."

ரெண்டுக்கும் நடுவில் ருசி பார்ப்பதற்கு இடமில்லை. ஒரு கரண்டியைக் காட்டினாலும் பாத்திரம் முழுதும் பிரசாதம் என்பது அவர் கணக்கு. வீட்டுக்குச் செய்வதைப் பெருமாளுக்குக் காட்டியபின் சாப்பிடுவார்கள். விற்பதற்கும் அதே அளவு, அதே கை. அதனால் இரண்டு வருடமும் குறை வரவில்லை.

முதஸ்ஸிர் எங்கள் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தான்.

"அழிச்சிடட்டுமாக்கா? ஒரு கிளிக்தான்."

"வேண்டாம்ப்பா. அவா சாப்பிட்டாச்சு."

"அப்ப, நான் டேஸ்ட் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சுன்னாவது எழுதுங்க."

"நான் பார்க்கலையே."

"இந்த வாட்டி பார்க்கலையா?"

"எந்த வாட்டியும் பார்க்கலை."

முதஸ்ஸிர் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு வருஷமா ஊர் ஊருக்கு அனுப்பிக்கினு இருக்கறீங்க. என்ன அனுப்பறோம்னு தெரியாமலாக்கா?"

அவள் எழுந்துவிட்டாள். நானும் கூடவே நடந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, நவராத்திரி சரக்குக்கு நீங்க உப்புப் போட்டேளா?" என்று கேட்டாள்.

மங்கை, ஏதோ நல்ல சேதி என்று நினைத்துச் சிரித்தாள். "போட்டேனே. நீ கூரியர்க்காரன்கிட்ட வாசல்ல பேசிண்டு இருந்தே. மறந்துடுவியோன்னு நானே போட்டுட்டேன்."

"நான் போட்டுட்டுத்தாம்மா வாசலுக்குப் போனேன்."

மங்கை வாசல்படியில் உட்கார்ந்தாள். "அங்கே வாங்கினவாளாவது ருசி பார்த்திருக்கக் கூடாதோ" என்றாள்.

அவர்களும் எப்படிப் பார்ப்பார்கள்? வாங்கியவர்களும் அதே ஆசாரக்காரர்கள். சாதத்தில் கலந்து நேரே தங்கள் வீட்டுப் பெருமாள்முன் வைத்தார்கள். செய்த இடத்திலிருந்து பெருமாள் சந்நிதிவரை ஒரு நாக்கும் அதைத் தொடவில்லை. கொலுவுக்கு வந்த விருந்தாளிகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். இதைக் கேட்ட தேவராஜன் வெற்றிலையை மடித்தபடியே நிறுத்திவிட்டார்.

மாலையில் ஸ்ரீவல்லி அவர்முன் நின்றாள். "அப்பா, எல்லாருக்கும் புதுசாப் பண்ணி அனுப்பப்போறேன். ஆனா யாராவது ருசி பார்க்காம இனிமே ஒரு பாக்கெட் அனுப்ப மாட்டேன். முடியாதுன்னா இத்தோட பக்கத்தை மூடிடறேன்."

"நம்மாத்துல யாரும் பார்க்கக் கூடாது."

"நம்மாத்துல இல்லை. முதஸ்ஸிரோட அம்மாகிட்டக் கேக்கலாம்னு இருக்கேன்."

மங்கை மருமகளையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். தேவராஜன் சொன்னார்: "தனியா எடுத்துக் குடு. கரண்டி திரும்பி வரப்படாது. ஆனா ருசி பார்த்தது பெருமாளுக்கு ஆகாது. அதை வாங்கறவாளுக்குச் சொல்லிடணும். மறைச்சு வித்தா நான் ஒத்துக்க மாட்டேன்."

"சொன்னா பாதிப் பேர் வாங்க மாட்டாளேப்பா."

"தெரியும்."

மறுநாள் காலை புதிதாகக் காய்ச்சினாள். உப்பு ஜாடியைத் தன் இடுப்பருகே வைத்துக்கொண்டாள். மங்கை அந்தப் பக்கமே வரவில்லை. ஆறியதும் வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்து மடித்து, சென்டருக்குப் பின்வீட்டில் இருந்த முதஸ்ஸிரின் அம்மா ஜுபைதாவிடம் கொண்டுபோனாள்.

விஷயத்தைக் கேட்ட ஜுபைதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரம்ஜான் மாசத்துல நட்டநடு மத்தியானத்துல வந்து உப்புப் பாருன்றியேம்மா. வருஷத்துல உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

ஸ்ரீவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த வாயையும் கட்டாத வீடு என்று தேடி வந்தால், அங்கேயும் வாய் கட்டியிருந்தது. நோன்பு திறக்கும்வரை காத்திருந்து மறுபடி போனாள். ஜுபைதா கஞ்சி குடித்து முடித்து, இரண்டு வாய் சோற்றில் அதைப் பிசைந்து தின்று, கண்ணை மூடி யோசித்தாள்.

"உப்பு சரியாக் கீதும்மா. புளிதான் கொஞ்சம் கம்மி."

"புளி சரியாத்தான் இருக்கும்."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"உப்புக்குத்தான் கூப்பிட்டேன்."

"நாக்கை அப்படிப் பிரிச்சு வெக்க எனக்குத் தெரியாதும்மா" என்றாள் ஜுபைதா, மூன்றாவது வாய்க்குச் சோறு எடுத்துக்கொண்டே. ஸ்ரீவல்லி மறுநாள் புளியைக் கூட்டினாள்.

மாற்றுச் சரக்கு போன அன்றே பக்கத்தின் தலைப்பில் ஒரு அறிவிப்பும் போனது. வாசகம் அவளுடையது: 'இரண்டு வருடமாக நாங்கள் இதை ருசி பார்த்ததில்லை. இனி ஒவ்வொரு முறையும் ஜுபைதா அம்மா உப்புப் பார்ப்பார். ஆகவே இது பெருமாளுக்குக் கண்டருளப் பண்ண உகந்ததல்ல. வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டும்.'

அதைத் தட்டெழுதிய முதஸ்ஸிரின் கை நின்றது. "அம்மா பேரு போடணுமாக்கா? நம்ம ஊர்லயே பேசுவாங்க."

"பார்த்தவா பேரைத்தானே போடணும்?"

பேசினார்கள். கோயிலில் தேவராஜனிடம் இரண்டு பேர் நேரிலேயே கேட்டார்கள். அறிவிப்பை அவர்களுக்கு அப்படியே ஒப்பித்துவிட்டு நகர்ந்தார். மாதுங்கா மாமா மாற்றுப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். 'இனி எழுத வேண்டாம்' என்ற சீட்டு அதன்மேல் ஒட்டியிருந்தது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிக்குமேல் மௌனமானார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம், வழக்கமாக ஆர்டர்கள் குவிகிற வாரம், மின்னஞ்சல் பெட்டி கிட்டத்தட்டக் காலியாகவே இருந்தது. ஸ்ரீவல்லி தினமும் வந்து திறந்து பார்த்துவிட்டு, அரைமணிக் கட்டணத்தைக் கொடுத்துப் போவாள்.

நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை. அன்றும் நான் இருந்தேன். தெரியாத முகவரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பியவர் மாதுங்கா மாமாவின் மனைவி.

'மாமாவுக்குத் தெரிய வேண்டாம். பெருமாளுக்கு நானே காய்ச்சிக்கொள்கிறேன். பேத்திகளுக்கு ஸ்கூல் டப்பாவில் வைக்க உங்களுடையதுதான் வேண்டும். எங்கள் மாடியில் இன்னும் மூன்று வீட்டில் கேட்கிறார்கள். பெட்டியைக் கீழ்வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். உப்புப் பார்த்தாயிற்று என்று மேலே பெரிதாக எழுதுங்கள்.'

ஸ்ரீவல்லி இரண்டுமுறை படித்தாள். பிறகு எழுந்து, பின்வீட்டுப் பக்கம் நடந்தாள், இன்று நோன்பு திறந்ததும் ஜுபைதா வீட்டில் இருப்பாளா என்று கேட்க.