அவர் கொடுத்த இரத்தம்

எங்கள் மகளுக்குத் தலசீமியா; தாய், தகப்பன் இருவரின் இரத்தத்திலும் குறை இருந்தால் பிள்ளைக்கு வரும் நோய். மாதந்தோறும் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். நான் மறுபடி கர்ப்பமானபோது, வயிற்றுப் பிள்ளையைச் சோதிப்பதற்கு முதலில் பெற்றோர் இருவரின் இரத்தமும் வேண்டும் என்றார் டொக்டர். நான் கொடுத்தேன். கணவர் மறுத்துவிட்டார்.

"தங்கச்சிமார் கலியாணத்துக்கு நிக்கினம். என்ர ரத்தத்தில பழுதெண்டு தெரிஞ்சா ஆர் கட்டுவினம்? இது உம்மட பக்கத்து வருத்தம்."

நாங்கள் சொந்த மச்சான் மச்சாள். இதில் என் பக்கம் எது, அவர் பக்கம் எது?

அந்த மாதம் நகரில் குண்டு வெடித்தது. எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தாரை எல்லோரும் சந்தேகமாகப் பார்த்த நேரம். காயப்பட்டவர்களுக்காக, இவர் தன் கந்தோரில் கூட வேலை செய்கிற ஆட்கள் பார்க்க வரிசையில் நின்று இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

"இஞ்சேருங்கோ, அதில கொஞ்சம் எங்கட வயித்துப் பிள்ளையின்ர சோதனைக்குக் குடுத்தா என்ன?" என்றேன்.

"அது வேற," என்று தேத்தண்ணீர் கேட்டார். நான் போடவில்லை.

மகன் பிறந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இரண்டு கட்டில் வேண்டும்.

போன கிழமை அவருடைய இளைய தங்கை, தனக்குப் பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொல்ல வந்தாள். அவளும் சொந்தத்துக்குள்தான் கட்டினாள்.

"அவளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதையும்," என்றார் என் காதுக்குள்.

அவர் முன்னாலேயே அவளை இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.