றெக்கையில் ஒட்டிய 'வருக'

பன்னிரண்டு வருடம் இருக்கும். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழன் சோழவந்தான்காரன். மூன்று மாதம் மெனக்கெட்டு, ரிமோட்டில் பறக்கும் தெர்மாகோல் விமானம் ஒன்று செய்திருந்தான். திங்கட்கிழமை கல்லூரியில் போட்டி. ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா? "மாப்ள, பிளேனை மட்டும் தொட்றாத. நாளைக்குக் காலைல வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

தொடாதே என்றால்தான் எனக்குக் கை நமநமக்கும். அவன் பஸ் ஏறிய அரை மணி நேரத்தில் விமானத்தோடு வறண்ட கண்மாய்க்குள் நின்றேன். நன்றாகத்தான் ஏறியது. திரும்பும்போது கருவேல மரத்தில் மோதி விழுந்தது. இடது இறக்கையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், அவ்வளவுதான். அப்போதே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

எனக்கோ, அவன் வருவதற்குள் தடயமே இருக்கக் கூடாது. பெட்டிக்கடையில் செருப்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நொடியில் ஒட்டும் சின்ன டியூப் பசை வாங்கி விரிசலில் பிழிந்தேன். குப்பென்று ஒரு நெடி. கண் முன்னாலேயே தெர்மாகோல் உருகிக் குழிந்தது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், என் புத்தி அப்படி! உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

விமானத்தைத் தூக்கிக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். சுவரில் போஸ்டர் ஒட்டும் அண்ணன் ஒருவர் மைதாப் பசை வாளியோடு நின்றிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"அந்த டியூப் தெர்மாகோலைத் தின்னுரும் தம்பி" என்றவர், ஓட்டையில் தெர்மாகோல் துண்டு ஒன்றை வெட்டிச் சொருகினார். அச்சில் வீணாய்ப்போன போஸ்டர் ஒன்றைக் கிழித்துப் பசை தடவினார். "ஒத்தப் பக்கம் ஒட்டுனா காயிறப்ப வளைஞ்சிரும். மேலயும் கீழயும் ஒட்டணும். அந்த றெக்கைக்கும் இதே மாதிரி ஒட்டிரு, இல்லாட்டி ஒரு பக்கமாச் சாயும்." டீயைக் குடித்துவிட்டு, மீதிப் போஸ்டரையும் கொஞ்சம் பசையையும் கொடுத்து, பேர்கூடச் சொல்லாமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

வலது இறக்கைக்கும் நானே ஒட்டினேன். விடுதி மின்விசிறிக்கடியில் காய்ந்து, காலையில் இறக்கை விறைப்பாக இருந்தது. ஆனால் இடது பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் 'வருக'!

காதுகுத்துப் பலகாரத்தை எனக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டு வந்தான் நண்பன். பொட்டலத்தை என் கையில் கொடுத்தான். இறக்கையைத் தடவிப் பார்த்தான்.

"மோதிட்டியா?"

"மரத்துல."

"மோதுனா இம்புட்டு ஓட்டை விழாதே மாப்ள."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நேத்தே சொல்லியிருந்தா, வர்ற வழியில தெர்மாகோலை உருக்காத வெள்ளைப் பசை வாங்கியாந்திருப்பேன்ல" என்றான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

விமானம் பறந்தது. பரிசு கிடைக்கவில்லை. 'வருக' தலைக்கு மேல் போனபோது மைதானமே விசிலடித்தது. அதிகமாக அடித்தவன் அவன்தான். இப்போதும் போனை எடுத்ததும் "வருக" என்றுதான் ஆரம்பிப்பான். மரம் உடைத்தது விரலளவு, மறைக்கப்போய் நான் உருக்கியது உள்ளங்கையளவு. அதனால்தான் இன்றும் ஏதாவது தப்புச் செய்துவிட்டால், பசையைத் தேடாமல் முதலில் போனைத் தேடுகிறேன்.