ஒரு மாதம் முன்பே தைத்த மூட்டை

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் தோல் கிடங்கில் பேல் கட்டுகிற வேலை. பதனிட்ட தோல்களை அளவு பார்த்து அடுக்கி, திருகு பிரஸ்ஸில் வைத்து நான்கு ஆட்கள் சுற்றி வந்து நெரித்து, கோணி போர்த்தி, ஒரு சாண் நீள ஊசியால் சணலில் தைத்து, மேலே கிடங்கின் மார்க்கைக் கறுப்பு மையில் அடிப்பார்கள். அது ரயிலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து கப்பலில் சீமைக்குப் போகும். தான் தைத்த பேல் லண்டன் வரை போயும் ஒரு தையல் விட்டதில்லை என்று இவர் சொல்வார். லண்டனிலிருந்து யார் வந்து உங்களிடம் சொன்னார்கள் என்று கேட்டால் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவார். கிழக்கே குடியாத்தம், மேற்கே வாணியம்பாடி, அதற்குள்தான் அவருடைய உலகம். அவர் தைத்தது மட்டும் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் பெண்டாட்டியின் பயணத்துக்கு மூட்டை கட்ட உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பயணம் தங்கவயலுக்கு. என் தங்கை அங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மூட்டைக் கூத்து எதற்கு என்று விளங்காது.

அப்போது 'உடனே வா அக்கா' என்று கார்டு வந்ததும் நான் உடனே கிளம்பவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்தேன். இடித்து, வெல்லப் பாகு வைத்து, மாவு புளிக்க ஒரு நாள் விட்டு, சுட்டு, ஆறவைத்து, டப்பாவில் அடுக்கி, அதற்கே மூன்று நாள் ஆயிற்று. போய் இறங்கியபோது குழந்தையைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. என் தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு அதிரசம் எடுத்துக் கடித்து, "நல்லா இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். அதன் பிறகு நான் அதிரசம் சுட்டதே இல்லை. என்னை யாரும் குற்றம் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் இந்தத் தடவை எட்டாம் மாதம் என்று சேதி வந்ததுமே நான் தவிக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ற? இப்பவே கட்டி வெச்சிட்டா கார்டு வந்த நிமிஷம் தூக்கிக்கினு போவ வேண்டியதுதான?"

யோசனை நல்ல யோசனைதான். இவர் செய்தார் என்பதில்தான் கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடுத்தியிருந்ததும் மாற்றுக்கு ஒன்றும் போக என் புடவைகள் எல்லாம், குழந்தைக்கு விரிக்கப் பழைய மல்லுத் துணிகள், பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், ஒரு கம்பளி, என்னுடைய மரச் சீப்பு, எல்லாவற்றையும் தோல் தரம் பிரிப்பது மாதிரி தனித்தனியாக அடுக்கினார். விளக்கெண்ணெய்ப் புட்டியையும் நடுவில் வைக்கப் பார்த்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் முதலாளி சாயபுவிடம் உத்தரவு கேட்டு, அத்தனையையும் கிடங்குக்குத் தூக்கிப்போய் பிரஸ்ஸில் கொடுத்து நெரித்துக் கொண்டுவந்தார். போகும்போது தலைச்சுமையாக இருந்தது, வரும்போது தலையணை அளவு ஆகியிருந்தது. கனம் மட்டும் குறையவில்லை. சுற்றிலும் பழைய கோணி, விரல் நுழையாத தையல், மேலே கிடங்கின் மார்க்.

"இன்னாங்க இது, நான் பிரசவத்துக்குப் போறேனா, கப்பல் ஏறப் போறேனா? மார்க் எதுக்கு?"

"மார்க் இல்லன்னா அது பேலே இல்ல" என்றார்.

அன்றிலிருந்து ஒரு மாதம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. தலை வாரச் சீப்பு எங்கே? பேலில். ரசத்துக்கு மிளகு? பேலில். மழை பிடித்துக் குளிர் அடித்தது, கம்பளி எங்கே? அதுவும் பேலில். பக்கத்து வீட்டில் ஜட்கா ஓட்டுகிற பாயின் சம்சாரம், "உன் வூட்டு சாமானெல்லாம் இப்பவே ஊருக்குப் போய்டிச்சு, நீதான் பாக்கி" என்று சொல்லித் தன் சீப்பைக் கொடுத்தாள்.

ஒரு நாள் அவள் குழந்தைக்கு வயிற்று வலி என்று ஓமம் கேட்டாள். சீப்பு கொடுத்தவளுக்கு எப்படி இல்லை என்பது? பகலில் அவர் இல்லாத நேரம் பார்த்து, மூட்டையின் ஒரு மூலையில் நாலு தையலைப் பிரித்து, கையை விட்டுத் துழாவி ஓமப் பொட்டலத்தை எடுத்து, அதே சணலால் திருப்பித் தைத்து வைத்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. சாயங்காலம் மனிதர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார், மூட்டையைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"இத யாரு தொட்டது?"

"யாரும் தொடல."

"இது பொம்பள தையல்" என்று சொல்லி, அந்த நாலு தையலையும் பிரித்துத் தானே போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அப்படி உள்ளே என்ன புதையல் இருக்கிறது, இப்படிக் காவல் காக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதத்தில்தானா குடியாத்தத்தில் ஒரு கல்யாணம் வரவேண்டும்? எனக்கு இருந்தது சாயம் போன இரண்டு புடவை. போகட்டும், இவராவது ஒழுங்காக வருவார் என்று பார்த்தால், ஓரம் பிய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "உங்க நல்ல வேட்டி இன்னாச்சு?" என்றேன். "சலவைல கீது" என்றார். இத்தனை நாளாக ஒரு வேட்டி சலவையில் இருக்குமா? பந்தியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தவர்கள், கிடங்கை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு இரண்டு கரண்டி பாயசம் அதிகம் ஊற்றினார்கள். வழியெல்லாம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஒன்று மட்டும் அந்த மாதம் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "கார்டு வந்தா எனக்கு கிடங்குக்கு சொல்லி அனுப்பு. சொல்லாம போவாத." சரி சரி என்றேன். மனசுக்குள், சொல்லி அனுப்பினால் நீங்கள் ஊசியும் சணலுமாக வந்து இன்னொரு சுற்றுத் தைப்பீர்கள், நான் ரயிலை விட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்டு ஒரு காலை வந்தது. 'வலி எடுக்கிற மாதிரி இருக்கிறது, உடனே புறப்படவும்' என்று தங்கை புருஷன் எழுதியிருந்தார். தந்தி மட்டும் அடித்துவிடாதே என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம், தந்திக்காரனைக் கண்டால் பிரிப்பதற்கு முன்பே தெரு அழ ஆரம்பித்துவிடும். அவர் கிடங்குக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மேற்கே போகிற வண்டிக்கு நேரம் கொஞ்சம்தான் இருந்தது. நான் சொல்லி அனுப்பவில்லை.

பாய் ஜட்காவைப் பூட்டினார். மூட்டையைத் தூக்கும்போதே, "அரே, இன்னாம்மா இது, ரெண்டு மாட்டுத் தோலு உள்ள வெச்சிருக்கியா?" என்றார். ஸ்டேஷனில் அதை இறக்கி பிளாட்பாரத்தில் வைத்துவிட்டுக் குதிரையைப் பார்க்கப் போனார். நான் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு டிக்கெட் வாங்கப் போனேன். ஜன்னலில் கூட்டம். டிக்கெட்டோடு திரும்பி வந்தால் மூட்டை இல்லை.

எங்கே போயிருக்கும்? எதிர்ப்பக்கம் மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் சரக்குப் பெட்டியில் எங்கள் கிடங்கின் பேல்கள் ஏறிக்கொண்டிருந்தன. அதே கோணி, அதே தையல், அதே மார்க். போர்ட்டர் ஒருவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இங்க ஒரு மூட்டை இருந்துச்சே?" என்றேன்.

"அதுவா? சின்ன பேலு ஒண்ணு தனியா கெடந்துச்சு. ஏத்தியாச்சும்மா" என்றார். நல்ல காரியம் செய்தவர் முகத்தோடு சொன்னார்.

நான் கத்தினேன். அதற்குள் மெட்ராஸ் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு மாதம் சீப்பில்லாமல் காத்த என் மூட்டை, என் கண்முன்னால், நான் போகவேண்டிய திசைக்கு நேர் எதிரே போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். காட்பாடிக்குத் தந்தி கொடுத்து இறக்கிவைக்கச் சொல்லலாம், ராத்திரி வண்டியில் திரும்பி வரும், ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு இரும்மா, நாளைக்குப் போகலாம் என்றார். என் வண்டியும் வந்து நின்றது.

ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டேன், பொய் சொல்லவில்லை. மருந்துச் சாமான், குழந்தைத் துணி, மாற்றுப் புடவை எல்லாம் அதில்தான். வெறுங்கையோடு போய் என்ன செய்வது என்று நினைத்தேன். நினைத்தவுடன் அந்த அதிரச டப்பா ஞாபகம் வந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று நினைத்துத்தானே போன தடவை மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்? மனுவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடிப்போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன். "வூட்டுல சொல்லிடுங்க பாய்!" என்று மட்டும் ஜன்னலிலிருந்து கத்தினேன்.

ஜோலார்பேட்டையில் வண்டி மாறி, பிறகு தங்கவயலுக்குப் போகிற கிளை வண்டியும் பிடித்து, லைன் வீட்டு வாசலில் நின்றபோது விளக்கு வைக்கிற நேரம். உள்ளேயிருந்து என் தங்கையின் முனகல் கேட்டது. இன்னும் பிறக்கவில்லை. எனக்கு அந்த முனகல் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். அவள் என்னைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள், "மூட்டை எங்கக்கா?" என்றாள். "மெட்ராஸ் போயிருக்குது, கப்பல் ஏற" என்றேன். அந்த வலியிலும் சிரித்துவிட்டாள்.

விடிவதற்குள் ஆண் குழந்தை. அழுதான். அந்த அழுகைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம்! துணிக்குத்தான் பஞ்சம். என் புடவையில் பாதியைக் கிழித்து அவனைச் சுற்றினேன்.

ஆறாம் நாள் காலை வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எட்டிப்பார்த்தால் இவர், தலையில் மூட்டையோடு. முகமெல்லாம் கரி, காலெல்லாம் புழுதி, இடுப்பில் அதே பிய்ந்த வேட்டி. குழந்தை நல்லா இருக்குதா என்றுதான் முதலில் கேட்டார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு விஷயம் வந்தது. பாய் சொன்னதும் கிடங்கில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு மெட்ராஸுக்கே போயிருக்கிறார். பெரியமேட்டில் தோல் மண்டி மண்டியாக ஏறி இறங்கி இரண்டு நாள் தேடியிருக்கிறார். அங்கே தரம் பார்க்கிற ஆள் மூலையைக் கிழித்துப் பார்த்து, தோல் இல்லை, சேலை என்று கண்டு, மேலே பெரிதாக 'ரிஜெக்ட்' என்று மை அடித்து ஓரமாகப் போட்டிருந்தானாம். என் புடவைகளுக்கு மெட்ராஸில் கிடைத்த மரியாதை அது.

"லண்டன் போற தையலு, பெரியமேட்டத் தாண்டலியே" என்றேன். ஆறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேலி.

அவர் கத்தியால் தையலை அறுத்தார். நெரிந்து கிடந்த துணிகள் மெதுவாக மூச்சு விட்டன. கம்பளிக்கு அடியில், புடவைகளுக்கு நடுவில், நாலாக மடித்து ஒரு வேட்டி. கூடவே ஒரு சட்டை. சலவையில் இருக்கிறது என்றாரே, அந்த வேட்டி.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்றேன்.

அவர் குழந்தை படுத்திருந்த பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன தடவ நீ ஒண்டியா போய் ஒண்டியா திரும்பி வந்த. ஸ்டேஷன்ல இறங்கி நின்ன பாரு, அந்த டப்பாவ புடிச்சிக்கினு. இந்தத் தடவ எது நடந்தாலும் கூட இருக்கலாம்னு நெனச்சேன். லீவு கெடைக்குமோ கெடைக்காதோ, அதான் முன்னாடியே சொல்லல. சொல்லி அனுப்புன்னு அத்தன தடவ சொன்னேனே."

எனக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது. ஊசியும் சணலுமாக வருவார் என்று பயந்து நான் விட்டுவிட்டு வந்தது இவரை.

குளித்துவிட்டு அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் இறுகிக் கிடந்ததில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக மடிப்பு. "மாமா வேட்டியில தாயம் ஆடலாம் போல கீதே" என்று என் தங்கை படுத்தபடியே சிரித்தாள். அவர் சிரித்துக்கொண்டே குழந்தையை மடியில் வாங்கினார்.

அந்த மடிப்பு எத்தனை துவைத்தும் கடைசி வரை போகவில்லை. எத்தனையோ விஷயத்துக்கு அவரைக் கேலி செய்திருக்கிறேன், அந்த வேட்டியைப் பற்றி மட்டும் ஒரு நாளும் செய்ததில்லை.