மெஷின் மேல் போட்ட பழி

பெரம்பலூரில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வருடம். காய்ச்சல் சீசன். காலை ஏழு மணிக்கே ஹால் நிறைந்துவிடும். ரத்தம் எடுப்பதும், டியூபில் பெயர் எழுதுவதும், மெஷினில் ஓட்டுவதும் நானும் ஷகிலா என்ற இன்னொரு பெண்ணும்தான். எனக்குக் கை வேகம். குத்தினதே தெரியல என்று நோயாளிகள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

ஒரு நாள் காலை பத்தே முக்காலுக்கு, பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"ஸ்டெல்லா, அரும்பாவூர் கவிதாவுக்கு பிளேட்லெட் இருபத்தி நாலாயிரம்னு குடுத்திருக்கீங்க. அட்மிஷன் போட்டுட்டேன். ஆனா அந்தம்மா உக்காந்து இட்லி சாப்பிடுறாங்க. எனக்கு நம்பிக்கையில்ல. இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க."

அதே டியூபை மறுபடி ஓட்டினேன். மறுபடியும் இருபத்தி நாலாயிரம். ரத்தக் கசிவைத் தடுக்கும் அந்த அணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் அந்த ரத்தம் யாருடையது?

ரேக்கில் இன்னொரு 'கவிதா' இருந்தது. குரும்பலூர் கவிதா, வயது இருபத்தாறு. அரும்பாவூர் கவிதாவுக்கு வயது நாற்பத்தொன்று. காலையில் கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு "கவிதா!" என்று கூப்பிட்டேன். ஒரு பெண் எழுந்து வந்தாள். "நீங்கதான கவிதா?" என்றேன். "ஆமாங்க" என்றாள். அவள் முகத்தையும் பார்க்கவில்லை, சீட்டில் இருந்த வயதையும் பார்க்கவில்லை. அடுத்த கவிதாவையும் அப்படியேதான் கூப்பிட்டேன்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் டாக்டரிடம் நான் சொன்னது வேறு.

"சில நேரம் மெஷின் தப்பா காட்டும் சார். புது சாம்பிள் எடுத்து அனுப்புங்க, பாத்துடலாம்."

புது சாம்பிள் வர அரை மணி நேரம் ஆனது. அரும்பாவூர் கவிதாவின் பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். இனி மறைக்க வழியில்லை. கண்ணாடி அறைக்குப் போய் லேப் ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"அந்தக் குரும்பலூர் பொண்ணு எங்க?"

"நார்மல் ரிப்போர்ட்ட வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க சார்."

"அப்ப இங்க நின்னு அழுவாத. போய்த் தேடு. டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

சீட்டில் இருந்த நம்பர் அவள் கணவனுடையது. லாரி டிரைவர். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வாசலில் லோடுக்காக லைனில் நிற்பதாகச் சொன்னார்.

"வெங்காயம் புடுங்கப் போறேன்னா. ரிப்போர்ட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு இப்பத்தான் போன் பண்ணுனா. என்னா விஷயம்?"

"அண்ணே, அந்த ரிப்போர்ட்டு அவங்களோடது இல்ல. ரெண்டு பேரு ரத்தத்த நான் மாத்தி எழுதிட்டேன். தப்பு என்னோடது. அவங்கள ஒடனே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"அவளுக்கு ஒண்ணுன்னா ஒன்ன சும்மா வுடமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். ஒரு நிமிஷத்தில் அவரே கூப்பிட்டு, எந்த வெங்காயக் காடு, எந்த வாய்க்காலைத் தாண்டி என்று வழி சொன்னார்.

ஆட்டோ பிடித்துப் போனேன். கவிதா வரப்பில் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். "மாத்திரை போட்டும் எந்திரிக்க முடியலங்குது" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். நான் போன நேரத்தில் எழுந்து வாய் கொப்பளித்தாள். துப்பிய தண்ணீரில் ரத்தம் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"காலையில நல்லாருக்குன்னீங்க. இப்ப இல்லங்கிறீங்க. நான் எத நம்பறது?"

"என்னைய நம்ப வேணாம்மா. வேற ஆள் ரத்தம் எடுக்கட்டும். ஆனா இப்பவே வந்துடு."

வந்தாள். இந்த முறை ஷகிலா எடுத்தாள். பத்தொன்பதாயிரம். அடுத்த நாள் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கியது. திருச்சிக்கு அனுப்பலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சாம்பிளையும் நானே மெஷினில் வைத்துவிட்டு, நம்பர் வரும்வரை எதிரிலேயே நிற்பேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுக்கும். நான்காம் நாள் முப்பதாயிரம். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தினமும் வார்டு வாசல் வரைக்கும் போய் வந்தேன். அவள் கணவன் ஒருநாளும் என்னை உள்ளே விடவில்லை. கிளம்பும்போது கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

மூன்று மாதம்

ஓனர் என்னை ரத்தம் எடுக்கும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். மூன்று மாதம் ரிப்போர்ட் டைப் அடிப்பதும் கண்ணாடிச் சாமான் கழுவுவதும்தான் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஊசி பிடிக்க, நான் சிங்க்கில் நின்றேன்.

அரியலூரில் வேறு லேபில் இடம் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அங்கே யாருக்கும் இது தெரியாது. போய்விடலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாத இடத்தில் நானும் இதை மறந்துவிடுவேனோ என்று பயந்தேன். போகவில்லை.

டைப் அடித்தபோது பழைய சீட்டுகளைப் புரட்டினேன். ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு பேர் வருவது வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடந்திருந்தது. இத்தனை நாள் தப்பித்தது என் திறமையால் இல்லை. ஓனரிடம் போனேன்.

"சார், 'நீங்கதான கவிதா'ன்னு கேக்கக் கூடாது. அசதியில இருக்கறவங்க எதுக்கும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. பேரு, வயசு, ஊரு மூணையும் அவங்க வாயால சொல்ல வைக்கணும். டியூப்ல அவங்க எதிர்லயே எழுதணும்."

"கூட்டம் நிக்குமே?"

"நிக்கட்டும் சார்."

நாற்காலி திரும்பக் கிடைத்த முதல் நாளே ஒரு பெரியவர் கோபப்பட்டார். "ஏம்மா, பேரு எழுதிக் குடுத்தாச்சுல்ல? பேரு தெரியாமத்தான் ஊசி குத்துறியா?"

"சொல்லிடுங்க அய்யா, ஒரு நிமிஷந்தான்."

முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். என் கையில் இருந்த சீட்டு அவருடையது இல்லை. ராஜேந்திரன் என்று கூப்பிட்டிருந்தேன். காது சரியாகக் கேட்காத கலியமூர்த்தி எழுந்து வந்திருந்தார்.

இன்னொரு தப்பு

அதற்குப் பிறகு நான் தப்பே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். பல வருடம் கழித்து, அரியலூரில் ஒரு லேபுக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, ஒரு பிற்பகல் சுகர் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மெஷினைச் சோதிக்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் திரவத்தில் அளவு தள்ளிப் போயிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டும். அன்று நிஜமாகவே மெஷின்தான் தப்பாகக் காட்டியது.

ஒன்பது ரிப்போர்ட் போயிருந்தது. பெரம்பலூரில் வந்த அதே பயம்தான் வந்தது. வருடங்கள் ஓடினாலும் அது குறைவதில்லை. ஆனால் கை போனை எடுத்துவிட்டது.

"டாக்டர், லேப்லேர்ந்து ஸ்டெல்லா பேசறேன். இன்னைக்கு மதியம் வந்த சுகர் ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்க. கண்ட்ரோல் பாக்காம நான் கையெழுத்து போட்டுட்டேன். திரும்ப ஓட்டி அனுப்பறேன்."

"ஒருத்தருக்கு இன்சுலின் எழுதிட்டேனே. இருங்க" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். ஊசியில் மருந்து ஏற்றியிருந்தார்கள். போடவில்லை.

இந்த வேலைக்கு வருபவர்கள் கை சுத்தம், கண் கவனம் எல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் சேர்த்துச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தப்பு தெரிந்ததற்கும் அதை வாய்விட்டுச் சொல்வதற்கும் நடுவில் போகும் நேரம் உங்களுடையது இல்லை. அது நோயாளியின் நேரம்.