எத்திராஜ் மாமா பார்த்த பச்சை

என் அக்காள் கணவர் எத்திராஜின் சாவுக்கு நான்தான் காரணம். அதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு... அந்தப் பழியை என் அக்காள் தன் தலையில் சுமந்து திரிகிறாள். உண்மையைச் சொன்னால் அவள் பாரம் இறங்கும் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

உங்களுக்கு நான் யாரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எண்ணூருக்குச் சற்றுத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை. திருவொற்றியூரில் கண்டெய்னர் சரக்குகளைக் கையாளும் ஒரு கம்பெனியில் கணினிகளையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு எம்.கே.பி. நகருக்குக் குடிபோனேன். மல்லிகா அக்காவும் எத்திராஜ் மாமாவும் குப்பத்திலேயே இருந்தார்கள்.

குப்பத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதற்குக் காரணம் பலகை.

எங்கள் குப்பத்து மீனவர் சங்கத்துக்காக நான் செய்து கொடுத்த இணையப் பக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். கைப்பேசியில் திறந்தால் திரை முழுக்க ஒரே நிறம். பச்சை என்றால் கடலுக்குப் போகலாம், சிவப்பு என்றால் போகக் கூடாது. காற்று எச்சரிக்கை வந்ததும் சங்கச் செயலாளர் நிறத்தை மாற்றிவிடுவார். நிறத்துக்கு மேலே அன்றைய தேதி தானாக வந்து நிற்கும்படி செய்திருந்தேன். எல்லாம் ஒரு அழகுக்காக! டிவியில் வரும் எச்சரிக்கை கடற்கரை முழுவதற்கும் பொதுவாக இருக்கும், எங்கள் ஆட்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நம்ம பையன் போட்ட பலகையை மட்டும் நம்பினார்கள்.

இனி என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் என் குற்றம் உங்களுக்குப் புரியும்.

இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்தான் ஒரு சர்வரின் முகவரி. நீங்கள் பெயரைத் தட்டினால், உங்கள் கைப்பேசிக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் இயந்திரம் அந்தப் பெயருக்குரிய நேம் சர்வரிடம் போய் "இதன் எண் என்ன?" என்று கேட்கும். பலகையின் பெயருக்கு விடை சொல்லும் நேம் சர்வரை நடத்தியவன் நான். விடையோடு ஒரு கெடுவையும் சேர்த்து அனுப்புவோம். "இதை இத்தனை நேரம் நினைவில் வைத்துக்கொள், அதுவரை என்னிடம் திரும்ப வந்து கேட்காதே" என்று அதற்குப் பொருள். பலகைக்கு நான் வைத்திருந்த கெடு ஒரு வாரம்.

முகவரி மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே அந்தக் கெடுவை ஐந்து நிமிடமாகக் குறைக்க வேண்டும். பழைய ஒரு வாரம் ஓடி முடியும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் எண்ணை மாற்ற வேண்டும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. இதை மறந்த ஒருவனை நானே எல்லோர் முன்னிலையிலும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்!

பலகை எங்கள் அலுவலகத்து மூலையில் ஒரு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னார் மேலாளர். வெளியே வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்து, பலகையை அங்கே கொண்டுபோனேன். அதே சமயம் கம்பெனியின் இணையதளத்தையும் இடம் மாற்றினேன். கம்பெனிக்குக் கெடுவைக் குறைத்தேன், காத்திருந்தேன், மாற்றினேன், பல முறை சரிபார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

பலகைக்கு? நேராக எண்ணை மாற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன். "நம்ம குப்பத்துப் பக்கம்தானே, இதுக்கு என்ன அவ்வளவு..." என்று நினைத்தேன். ஆம், இதே சொற்களில்தான் நினைத்தேன். என் தாய் தகப்பன் பிறந்த மண்ணுக்கு அந்த மெனக்கெடல் அதிகம் என்று தோன்றிய புத்தியை நான் எங்கே போய்க் கழுவுவேன்?

பழைய கணினியையும் நிறுத்தாமல் விட்டேன். யாருக்காவது பக்கம் திறக்காமல் போனால் என்னைத் திட்டுவார்களே என்ற பயம். நிறுத்தியிருந்தால் பக்கம் திறந்திருக்காது, யாராவது போன் செய்து கேட்டிருப்பார்கள்... அது ஓடிக்கொண்டே இருந்தது. அதில் கடைசியாக இருந்த நிறம் பச்சை.

மாற்றிய மறுநாள் மாலை எச்சரிக்கை வந்தது. செயலாளர் புதிய சர்வரில் சிவப்பைப் போட்டார். குப்பத்தில் பெரும்பாலோரின் கைப்பேசி இணைப்புகள் ஒரே நிறுவனத்துடையவை. அந்த நிறுவனத்தின் இயந்திரத்துக்கு ஒரு வாரக் கெடு அன்றுதான் தீர்ந்திருந்தது. அது என் நேம் சர்வரிடம் புதிதாகக் கேட்டது, புதிய எண்ணைப் பெற்றது, அவர்களுக்குச் சிவப்பு தெரிந்தது. எத்திராஜ் மாமா வைத்திருந்தது வேறு நிறுவனத்தின் இணைப்பு. அதன் நினைவில் இன்னும் பழைய எண்தான், பழைய கணினியின் முகவரிதான் இருந்தது.

விடியும் முன்னே மாமாவிடமிருந்து போன் வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், உங்க அக்கா நேத்துலேர்ந்து ஒரே கோவமா கீது. காதுகுத்துக்கு வராம சீட்டாடப் பூட்டேன்னு வூட்டையே ரெண்டாக்கிட்சி. நீ அப்பால ஒரு போனப் போட்டு சமாதானமா பேசு, இன்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவோடு சண்டை என்றால் என்னைத் தூது அனுப்புவது அவர் வழக்கம்.

"சாய்ங்காலம் அதுக்குப் புட்ச்ச நண்டா பாத்து கொண்டாறேன். உன் பலகைல பச்சை போட்டுகீது, இன்னிக்குத் தேதியும் கீது. கெளம்புறேன்."

"சரி மாமா, போய்ட்டு வாங்க" என்றேன். வாயில் நுரையோடு!

எங்கள் வீட்டு ஜன்னலில் காற்றே இல்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, நானும் பலகையைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? நண்டு வலைக்கு அவர் தனியாகத்தான் போவார், மற்றவர்களுக்கு முன்பே கிளம்பிவிடுவார் என்பதும் எனக்குத் தெரியுமே...

மதியம் செய்தி வந்தது. காற்று அடித்துத் தள்ளியிருக்கிறது, குப்பத்தில் யாருமே போகவில்லை, எத்திராஜ் மட்டும் போயிருக்கிறார், திரும்பவில்லை என்றார்கள். பச்சை என்று அவர் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

நான் எங்கே ஓடினேன் தெரியுமா? கடற்கரைக்கு அல்ல. அலுவலகத்துக்கு! மூலையில் இருந்த பழைய கணினியை நிறுத்தி, அதன் ஒயரைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகுதான் அக்காவிடம் போனேன்.

முகத்துவாரத்துக்கு அருகே போட் கவிழ்ந்து கிடந்தது. அவர் கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

"ஊரே செவப்பு பாத்து நின்னுட்சி, இந்த ஆளுக்கு இன்னா திமிரு" என்று சிலர் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். பலகையின் மீது யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டி, "நீ போட்ட பலகை இல்லன்னா இன்னிக்கு எத்தினி பேரு பூட்டுருப்பாங்க" என்றார். ஐயோ!

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், காலைல நான் அவர வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்டா. 'அந்தக் கடலையே கட்டிக்கினு அழு, வூட்டுக்கு வராத'ன்னு சொன்னேன். ஒண்ணுமே பேசாம பூட்டாரு. நீ படிச்சவன், சொல்லு... அவரு போன்லயும் செவப்பு தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சேதான போனாரு?"

அவள் கண்கள் என் வாயையே பார்த்தன. இல்லை அக்கா, அவருக்குப் பச்சைதான் தெரிந்தது, தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

"தெரிஞ்சிருக்கும்க்கா" என்றேன்.

அவள் என் சட்டையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டாள். "வராதன்னேன். வரல" என்றாள்.

பாதி உண்மையையாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார், உனக்கு நண்டு கொண்டுவருவதாகச் சொன்னார் என்று மட்டும் சொன்னால் போதாதா? பல முறை வாய்வரை வந்தது. ஆனால் அவள் விடமாட்டாள். வேறென்ன சொன்னார், பலகையைப் பார்த்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கடைசிக் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து, ஒரு மனிதன் தன் மனைவிக்குக் கடைசியாகச் சொல்லி அனுப்பியதை நான் என்னிடமே வைத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு தம்பியா?

பலகை இன்றும் ஓடுகிறது. இப்போது கெடு ஐந்து நிமிடம்தான். எந்த நிறுவனத்தின் இணைப்பில் பார்த்தாலும் நிறம் சரியாக இருக்கிறது. நான் செய்த பரிகாரம் அவ்வளவுதான். அதைக்கூட யாருக்கும் தெரியாமல்தான் செய்தேன்.

அக்கா மாறிப்போனாள். குப்பத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கேட்கும் குரல் அவளுக்கு. இப்போது யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறாள். மீன் விற்கும் இடத்தில் பேரம்கூடப் பேசுவதில்லை, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறாள். சத்தம் போட்டுப் பேச அவளுக்குப் பயம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் மகள் ரேவதியும் வந்திருந்தாள். போன வருடம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. கணவன் கடல் தொழில். அவனோடு போனில் ஏதோ வாக்குவாதம். "இந்தப் பக்கமே வராத, போ" என்று கத்திவிட்டு வைத்தாள்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். பிள்ளையை அவள் ஒரு நாளும் அடித்ததில்லை.

"கூப்புடு. இப்பவே அவன கூப்ட்டு மன்னிப்பு கேளு. இந்த வாயாலதான் உங்க அப்பன நான் தின்னேன். நீயும் தின்னாத."

ரேவதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மாமா, நீயாச்சும் சொல்லேன். ஒரு சண்டைக்காகவா அப்பா போனாரு? அப்படி எல்லாம் இல்லன்னு அம்மாக்கு சொல்லேன்..."

இரண்டு பேரும் நான் சொல்லப்போவதைக் கேட்க நின்றார்கள். என் கையில் சோறு இருந்தது.

"அம்மா சொல்றத கேளும்மா" என்றேன்.

அவள் அழுதுகொண்டே கணவனைக் கூப்பிட்டாள். தெரியாம பேசிட்டேன், தெரியாம பேசிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன்.