என் பேஸ் கிட்டாரின் இரைச்சல்

இன்று மாலை பாபநாசத்தில், நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் கூட்டம். பேச்சுக்கு முன் எங்கள் குழுவின் பாட்டு. நான் பேஸ் கிட்டார்.

கம்பியின் அதிர்வைப் பிடிக்க வேண்டிய பிக்கப், மேடை ட்யூப் லைட்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்தது.

"தம்பி, அந்த 'ங்ங்' சத்தத்த நிறுத்துங்க," என்றார் கூட்டம் நடத்துபவர்.

என் கிட்டாரில் இரண்டு பிக்கப். இரண்டின் வால்யூமையும் சமமாக வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும். கூடவே தொனியின் கனமும் குறைந்துவிடும். பாட்டின் நடுவிலேயே அப்படி வைத்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும், ஸ்பீக்கர் பக்கத்து பெஞ்சிலிருந்து ஓர் அம்மா கையாட்டிக் கூப்பிட்டார். அவருடைய வயலும் போகிறதாம்.

"எனக்குக் காது மந்தம் தம்பி. பெஞ்சு வழியா தும் தும்முன்னு வந்துச்சே, அது எங்க போச்சு?"

அடுத்த பாட்டுக்குப் பழையபடி ஒரே பிக்கப்புக்கு மாற்றினேன். இரைச்சல் வந்தது. அவர் காலால் தாளம் போட்டார்.

"அந்த லைட்டை அணைச்சிடலாமாங்க?" என்று நடத்துபவரிடம் கேட்டேன்.

"தலைவர் முகம் தெரிய வேணாமா?"

பிறகு பேசியவர்கள் எல்லோரும் என் இரைச்சலைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். வயலைக் காப்பாற்ற என்ன வழி என்று ஒருவரும் சொன்னதாக நினைவில்லை.

களைத்துப்போய் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டத்துக்கு வந்த யாருக்காவது அந்த வழி காதில் விழுந்திருந்தால் சொல்லுங்கள்.